ஜெர்மன் பாட்டுக்கு வந்த இழவுக் கூட்டம்

எண்பதுகளில், பதுளை விடுதியொன்றில் வேலை பார்த்த என் தம்பி, ஜெர்மன்காரி ஒருத்தி கொடுத்த கேசட்டை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்குக் கொண்டுவந்தான். மெஷின் மேளம், அதன்மேல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல். பனிமூட்டத்துக்குள் தனியாக நடப்பது மாதிரி இருந்தது. மொழி புரியாவிட்டாலும் நல்ல பாட்டை என் காது கண்டுபிடித்துவிடும்.

ஞாயிறு காலையில் சத்தமாகப் போட்டேன். சாவுக்கு அடிக்கும் தப்பு மேளம் என்று நினைத்து, பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள்.

"யாருக்கு என்னடி ஆச்சு?"

"என் காதுதான் செத்துப்போச்சு. அந்தச் சனியனை அடுப்புல போடு!" என்றார் மாமியார்.

நான் கேசட் ரேடியோவை மறைத்துக்கொண்டு நின்றேன்.

வந்தவர்களில் ஒருத்தி, "இருங்க பெரியம்மா, முடியட்டும். அழ வந்தேன், கால் ஆடுதே!" என்றாள்.

மாமியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, வச்சுக்க. போடுறதுக்கு முன்னாடி சொல்லிரு. மேல் லயத்து ஆளுங்க கோடித்துணியோட வந்துரப் போறாங்க!"