வெங்கடசுப்ரமணியனின் கைவேலை

பின்கதவைச் சாண் அளவு திறந்து, கையை மட்டும் வெளியே விட்டு, மதில்மேல் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் காப்பியை வைக்கிறார் வெங்கடசுப்ரமணியன். முதல் டிகாஷன். வைத்த கை சூடு பட்டதுபோல் உள்ளே ஓடி வருகிறது. கதவு சாத்திக்கொள்கிறது. குடிக்கிற ஆளை அவர் பார்ப்பதில்லை. ஆனால் வெளியே உறிஞ்சும் சத்தம் ஓயும்வரை கதவில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பார். இன்றைக்கும் நிற்கிறார். கர்க்கடக மாச மழைச் சத்தம்தான் கேட்கிறது. மூன்று நாளாக அப்படித்தான்.

தம்பானூர் ரயிலடிக்கு எதிரே பிராமணாள் காப்பி கிளப் வைத்திருப்பவர் இவர். ஐம்பது வயது. காதில் கடுக்கன், தோளில் என்றும் காயாத துண்டு. சட்னி காரம் என்று யாராவது கண்ணைத் துடைத்தால், "காரமோ? கொறச்சு தயிர் விட்டுக்கோங்கோ, சரியாப் போயிடும்" என்பார். தயிர் புளிப்பு என்றால், "கொறச்சு சட்னி தொட்டுக்கோங்கோ." சாம்பார் நன்றாயிருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாலோ, முன்பெல்லாம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நம்ம கைவேலையாக்கும்!" என்பார். அடுப்படியில் வெந்துகொண்டிருந்தவன் சாம்பசிவன். இருந்தாலும் ஐயர் சொன்னது பொய்யில்லை. சாம்பசிவனே அவருடைய கைவேலைதான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், சமையல்காரன் ஓடிப்போய் அடுப்பு அணைந்து கிடந்த ஒரு வாரத்தில், போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவன் விறகு வண்டியோடு வந்து இறங்கினான். பெயர் திரவியம். வயது இருபது. அப்பனும் ஆத்தாளும் மலைக்காய்ச்சலில் போய்விட, தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் ஒண்டிக்கட்டை. பசிக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டவன், கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்றதும் தானே அரிசி களைந்து உலையில் போட்டான். கஞ்சி மணத்தது. ஐயருக்கு யோசனை வந்தது.

சமையலறையைப் பூட்டிக்கொண்டு மூன்று மாசம் வேலை நடந்தது. முன்தலையைச் சிரைத்துக் குடுமி வைத்தார். பூணூல் போட்டார். தமக்குத் தெரிந்த ஒரே கோத்திரத்தை, அதாவது தம்முடையதையே, உருப்போட வைத்தார்.

"சோறுன்னா நாக்கை அறுத்துடுவேன். சாதம். எங்கே, சொல்லு."

"சாதமுங்க."

"அந்த 'ங்க'வை முழுங்குடா!"

முழுங்கினான். "சாதம், அண்ணா."

"பேஷ்!"

கதவைத் திறந்து தெருவுக்குக் காட்டினார். "நம்ம ஒண்ணுவிட்ட சித்தப்பா பிள்ளை. தாயாதி. பேர் சாம்பசிவன்."

ஆறு வருஷம். ஸ்ரீவராகம் அக்கிரகாரமே வந்து உட்கார்ந்து சாப்பிட்டது.

பிறகு கல்லிடைக்குறிச்சியிலிருந்து தந்தி வந்தது: பெரியப்பா காலமானார். ஐயர் கிணற்றடிக்குப் போய், உடுத்த வேஷ்டியோடு நின்று தலையில் மூன்று குடம் ஊற்றிக்கொண்டார். தாயாதி சாவு காதில் விழுந்தால் அப்படித்தான். அப்புறம் பத்து நாள் தீட்டு, அடுப்பைத் தொடக்கூடாது. கிளப்பை மூடினால் எதிர்க்கடைக்கு ஆள் போய்விடுமே? "நீ அடுப்பைப் பார்த்துக்கோடா" என்று சொல்லிவிட்டு ஊருக்கு ரயிலேறினார். செத்த பெரியப்பா சாம்பசிவனுக்கும் தாயாதி என்பது, அவனை உண்டாக்கியவருக்கே மறந்துபோயிற்று.

பிச்சுமணிக்கு மறக்கவில்லை. ஸ்ரீவராகத்துக்காரர், இடுப்பில் பஞ்சாங்கத்தைச் செருகிக்கொண்டே பிறந்தவர். ஒன்பதாம் நாள், மூன்றாவது தோசையின் நடுவில் அவருக்கு ஞானம் பிறந்தது.

"டேய் சாம்பசிவா, நீ அவருக்குத் தாயாதியோல்லியோ? நோக்குத் தீட்டில்லையோ? கரண்டியைப் பிடிச்சுண்டு நிக்கறயே?"

"தீட்டா? அண்ணா ஒண்ணும் சொல்லலையே" என்றான் சாம்பசிவன். கற்ற பாடத்தில் சாவு இருக்கவில்லை.

ஐயர் திரும்பி வந்தபோது கிளப் வாசலில் கூட்டம். முன்னால் பிச்சுமணி. "ஓய், இவன் தாயாதின்னா, ஒன்பது நாளும் தீட்டுக்காரன் கையால எங்களுக்குப் போட்டிருக்கீர். தாயாதி இல்லேன்னா, இவன் ஆரு?"

சாம்பசிவன் அண்ணாவைப் பார்த்துச் சிரித்தான். அண்ணா வந்தாச்சு, இனி அவர் பார்த்துக்கொள்வார் என்ற சிரிப்பு.

"நேக்கு இவனைத் தெரியாது" என்றார் வெங்கடசுப்ரமணியன். "என்னை ஏமாத்திட்டான்."

பூணூலை அறுத்தார்கள். குடுமியைப் பிடித்துத் தெருவில் தள்ளினார்கள். பிச்சுமணி கிளப் முழுக்கப் பஞ்சகவ்யம் தெளித்துவிட்டு, பாதியில் விட்ட தோசைக்குப் பதில் ஒன்று முழுசாய்ச் சாப்பிட்டார்.

அவன் போனக்காட்டுக்கு நடந்தே போனான். லயத்தில், "சாமி வந்திருக்கு, மணை போடுங்கலே!" என்று சிரித்தார்கள். சிரித்தபடியே கருவாட்டுக் குழம்பு ஊற்றினார்கள். வாந்தியெடுத்தான். "நம்ம சோறு சாமிக்கு எறங்காது" என்று தட்டை எடுத்துக்கொண்டார்கள். அவர்களோடு பேசலாமென்று வாயைத் திறந்தால் ஐயரின் குரல்தான் வந்தது.

திரும்பி வந்து பின்மதிலுக்கு அப்புறம் நின்றான். இரண்டு வருஷம் நின்றான். ஒரே ஒரு தடவை கதவிடம் பேசினான்.

"காப்பி வேண்டாம், அண்ணா. என்னைப் பழைய திரவியமா ஆக்கிடுங்கோ. பண்ணத் தெரிஞ்சவாளுக்குக் கலைக்கவும் தெரிஞ்சிருக்கணுமோல்லியோ?"

உள்ளே ஐயர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மறுநாளிலிருந்து சிரட்டையில் சர்க்கரை அரைக் கரண்டி கூடிற்று. அவருக்குத் தெரிந்த பதில் அதுதான்.

இன்றைக்குக் கதவிலிருந்து காதை எடுப்பதற்குள் முன்வாசலில் கூப்பிடுகிறார்கள். கான்ஸ்டபிள் கோலப்பன், நாஞ்சில் நாட்டுக்காரர். தொப்பியிலிருந்து தண்ணீரை உதறுகிறார்.

"சாமி, பாலத்துக்கு அடியில ஒருத்தன் செத்துக் கெடக்கான். குடுமி இருக்கு, பூணூலு இல்ல. எந்தச் சுடுகாட்டுக்குக் கொண்டு போகன்னு கேட்டா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டங்கான். ஒமக்கு ஆளை அறியுமா?"

பிச்சுமணி தோசையிலிருந்து தலையைத் தூக்குகிறார். ஐயர் மேஜையைத் துடைக்கிறார். துடைத்த இடத்தையே துடைக்கிறார்.

"நேக்கு எப்படித் தெரியும்? ஆராவது வழிப்போக்கனா இருக்கும்."

"அப்பம் அனாதைன்னு எழுதிக்கிடட்டா?"

"எழுதிக்கோங்கோ."

கோலப்பன் போகிறார். துண்டை மேஜைமேலேயே போட்டுவிட்டு ஐயர் சமையலறை வழியாக நடக்கிறார். அடுப்பில் பால் பொங்குகிறது, பார்க்கவில்லை. கொட்டும் மழையில் கிணற்றடியில் உடுத்த வேஷ்டியோடு நின்று, இறைத்துத் தலையில் ஊற்றிக்கொள்கிறார். ஒரு குடம். இரண்டாவது. மூன்றாவது கவிழும்போது பிச்சுமணி பின்கதவில் வந்து நிற்கிறார், எச்சில் கையோடு.

"என்ன ஓய், மழையில குளியல்? தாயாதி ஆராவது தவறிட்டாளா?"

ஐயர் நாலாவது குடத்துக்குக் கயிற்றை இறக்குகிறார்.