தவநாயகியின் எட்டு நிமிடம்

தவநாயகி நானூறு பேருக்கு முன்னால் பேசியவள் என்று பாரிஸ் லா சப்பலில் தமிழர் எல்லோருக்கும் தெரியும். அவள் என்ன பேசினாள் என்பது மட்டும் அவளுடைய புருஷனுக்குத் தெரியாது.

மார்க்ஸ் டோர்மோயில் ஒரு பாடசாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பரிமாறுகிறவள் அவள். வேலையில் அவள் வாய் திறப்பது "இன்னும் வேணுமா", "சூடு, கவனம்" என்ற இரண்டு வசனங்களுக்குத்தான், அதுவும் பிரெஞ்சில். அப்படிப்பட்டவள் மார்ச் மாதம் ஒரு பட்டிமன்ற மேடையில் ஏறி, மணி அடித்த பிறகும் இறங்காமல், முழுதாக எட்டு நிமிடம் பேசிவிட்டு வந்தாள். 'புலம்பெயர்ந்த எங்களை வாழவைத்தது உழைப்பா, நம்பிக்கையா?' என்பது தலைப்பு. இவள் நம்பிக்கைக் கட்சி, மூன்றாவது பேச்சாளர்.

அன்றைக்குப் புருஷன் தம்பிராசாவுக்கு வேலை. வீட்டுக்கு வந்ததும், "என்ன பேசினனீ?" என்று கேட்டார்.

"டீவியிலை போடுவினம். பாருங்கோவன்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டாள்.

அவள் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. பேச்சின் கடைசி இரண்டு நிமிடமும் அவரைப் பற்றியது. இருபத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியும் நேரே முகத்தைப் பார்த்துச் சொல்ல வராதது, மைக்கைக் கண்டதும் தன்பாட்டில் வந்துவிட்டது. அதை அவர் தன் பக்கத்தில் இருந்து கேட்கவேண்டும். ஊரார் ரெலிபோன் எடுத்துச் சொல்லக் கூடாது. மண்டபத்தில் இருந்து கேட்ட தெரிந்தவர்களிடமும் அதுவரை மூச்சு விடக் கூடாது என்று கேட்டு வைத்திருந்தாள். அவளுக்கு இதுதான் ஆசை, வேறொன்றும் இல்லை.

மே மாதத்தில் அறிவித்தல் வந்தது. நீண்ட விடுமுறை வருகிற அந்த ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணி, ஒரேயொரு தடவை ஒளிபரப்பு. அந்த விடுமுறைக்குத்தான் இவர்கள் தியேப் கடற்கரையில் வண்டி நிறுத்த இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.

"அதுக்கென்ன, எங்கடை வண்டியிலை டீவி இருக்குத்தானே" என்றார் தம்பிராசா. மகள் துஷாந்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகட்டைப் பார்த்தாள். அந்த டீவியின் கதை இருவருக்கும் தெரியும்.

தம்பிராசா முப்பது வருடம் நிலக்கீழ்க் குசினியில் நின்று சமைத்தவர். அங்கே ஒரு யன்னல் கிடையாது. மழையா வெயிலா என்று பரிமாறுகிறவனின் சட்டையைப் பார்த்துத்தான் அறிந்துகொள்வார். போன கோடையில் ஒரு பழைய காம்பிங்-கார் வாங்கினார். கட்டிலும் அடுப்பும் வைத்த வண்டி. ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டவர்களுக்கு, "நாலு பக்கமும் யன்னல்" என்பார். வில்லியே லே பெல்லில் சிநேகிதன் உதயனின் வளவில் அது நிற்கும். லீவு கிடைத்தால் குடும்பமாக ரயிலேறிப் போய் அதில் புறப்படுவார்கள்.

யன்னல் நாலும் போதாதென்று, தமிழ் டீவியும் வேண்டும் என்று அவருக்குப் பிடித்துக்கொண்டது. லூயி-பிளாங் தெருவில் றொமேஷ் வைத்திருக்கிற ரெலிபோன் கடையில் ஒரு டிஷ் வாங்கினார். பரபோல் என்று இங்கே எல்லோரும் சொல்வது அதைத்தான். உதயனின் வளவில் பூட்டிப் பார்த்தால் படம் கண்ணாடி போல வரும். சந்தோசமாகக் கழற்றி, வண்டியில் ஏற்றி, நூறு கிலோமீற்றர் போய் இறக்கிப் பூட்டினால் ஒன்றும் வராது. வந்தாலும் செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து நிற்கும்.

மனிதர் விட்டாரா? மரத்தின் மறைப்பு என்று வண்டியை வெளியில் நிறுத்தினார். வயர் நீளம் என்று வெட்டிக் குறுக்கினார். காற்றில் ஆடுகிறது என்று மூன்றுகால் நிலை ஒன்று வாங்கி, அதில் பத்து லீற்றர் தண்ணீர்க் கானைக் கட்டித் தொங்கவிட்டார். திசைகாட்டி வாங்கினார், மேசன்மார் வைத்திருக்கிற மட்டம் வாங்கினார். பிறகு பெரிய டிஷ் ஒன்றை வாங்கிப் பழையதைக் கொண்டுபோய் றொமேஷின் மேசையில் போட்டார். புதியதும் வளவில் பிடித்தது, வழியில் பிடிக்கவில்லை. இரண்டாம் தடவையும் சண்டைக்குப் போனபோது றொமேஷ், "அண்ணை, ஆடமாட்டாதவள் நிலம் கோணல் எண்டாளாம்" என்றான். அதற்குப் பிறகு அந்தக் கடைப்பக்கமே இவர் போவதில்லை.

வியாழக்கிழமை காலை வளவில் வழக்கம்போலப் பரீட்சை நடந்தது, வழக்கம்போலப் படம் வந்தது. வழக்கம்போலத் தவநாயகி தன் வேலையையும் பார்த்தாள். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தாள். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை அள்ளி, வண்டியின் நெற்றிக்கு, ஸ்ரியரிங்குக்கு, அடுப்புக்கு, டீவிக்கு என்று பொட்டு வைத்து, மேலே குங்குமமும் வைத்தாள். கடைசியாக டிஷ். தட்டுக்கு முன்னால் கம்பியில் நீட்டிக்கொண்டு, தட்டைப் பார்த்தபடி இருக்கிற உருண்டை மூக்குக்குத்தான் அவள் பொட்டு வைப்பாள். அதை அவர்கள் கண் என்று சொல்வார்கள். படம் ஒழுங்காக வராததற்கு யாரோ நாவூறு போட்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் அவளுக்கு. அதனால் ஒவ்வொரு பயணமும் பொட்டு கொஞ்சம் பெருத்துக்கொண்டே வந்தது. இந்த முறை தன் நிகழ்ச்சி வேறு, கை தாராளமாகவே போனது. பிறகு, டிஷ்ஷைக் கிடத்திக் கொண்டுபோகிற கட்டிலில் அது ஒட்டாதிருக்க, மூக்கை ஒரு பொலித்தீன் பையால் இறுக்கிக் கட்டி வைத்தாள்.

தம்பிராசா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் அவர் வீட்டில் பிறிட்ஜுக்கும் பொட்டு இருக்கிறது. பொட்டு இல்லாத பொருள் ஏதும் இருந்தால்தான் அவர் கண்ணில் படும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே, பொலித்தீன் பை கழற்றின டிஷ்ஷோடு மூன்றுகால் நிலை புல்லில் நின்றது. கடலுக்கு மேலே, சுண்ணாம்புப் பாறை விளிம்பில் அமைந்த இடம். ரெலிபோனில் சிக்னல் கோடு ஒன்று வரும், போகும். வானம் மேசையைத் துடைத்துவிட்டதுபோல வெறுமையாக இருந்தது. பக்கத்து வண்டிக்காரர் மாக்சிமின் டீவியில் சைக்கிள் ஓட்டம் பளிச்சென்று போய்க்கொண்டிருந்தது. ஆகவே வானத்தில் பிழை சொல்லவும் வழியில்லை.

துஷாந்தி உள்ளே இருந்து திரையில் வருகிற சிக்னல் இலக்கத்தை வாசித்தாள். அவள் இலக்கம் வாசிப்பது பிரெஞ்சில்தான். பதினெட்டு. இருபத்தொன்று. பதினாறு. படம் வர ஐம்பதாவது வேண்டும்.

"ஒரு நூல் கிழக்காலை திருப்பிறன். இப்ப?"

பத்தொன்பது.

"கொஞ்சம் நிமித்திறன். இப்ப?"

பதினேழு. மூன்றே முக்கால் ஆகிவிட்டது. புதுச்சேலை உடுத்து, பூ வைத்து, தன்னையே பார்க்கத் தயாராகி நின்றவள் தவநாயகி. இன்னும் கொஞ்ச நேரத்தில் முழு லா சப்பலும் அவருக்கு அடித்து, உங்கடை மனிசி உங்களைப் பற்றி இப்படிச் சொன்னா என்று சொல்லப்போகிறது. எட்டு நிமிடமும் வானத்தால் போய்விடும், இவர் கேட்காமலே.

தம்பிராசா வயரை ஆராய வண்டிக்குப் பின்பக்கம் போனார். அவள் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். பிள்ளையாரை நினைத்து, நல்ல ஈரமாக ஒரு விரல் அள்ளி, டிஷ்ஷின் கண்ணில் அப்பினாள்.

உள்ளே இருந்து துஷாந்தி, "ஸெரோ" என்றாள்.

தவநாயகி விரலை எடுத்தாள்.

"இன்னும் ஸெரோ, அம்மா."

அவள் தன் விரலைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். வளவில் பிடிக்கும், புறப்பட்டால் பிடிக்காது. வளவுக்கும் புறப்பாட்டுக்கும் நடுவில் நடப்பது ஒன்றே ஒன்றுதான், அதைச் செய்கிறவள் தான். பத்து மாதமாக அந்த மனிதர் வெட்டின வயரும், வாங்கின மட்டமும், றொமேஷோடு பிடித்த சண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக முன்னால் வந்து நின்றன.

துடைக்கவேண்டும். அவளுக்குக் கை வரவில்லை. பொட்டு வைத்துப் பழகின கை அது. ஒரு சுமங்கலி பொட்டை அழிப்பது என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மூன்று ஐம்பது. "பிள்ளையாரே, கோவியாதையும். நான் இடம் மாறி வைச்சிட்டன்" என்று சொல்லிக்கொண்டே வண்டிக்குள் ஓடி, தேநீருக்கு வைத்த சுடுதண்ணீரையும் ஒரு கரண்டியையும் எடுத்து வந்தாள். மேலே புது ஈரம். அதைத் துடைத்தால், பொலித்தீனுக்குள் காயாமல் கிடந்த வியாழக்கிழமைச் சந்தனம். அதற்குக் கீழே, வளவில் நின்று ஈரம் காய்ந்து படத்தை மறிக்காமல் கிடந்த பழைய குங்குமம், சந்தனம், திரும்பக் குங்குமம், ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு படை. சுரண்டச் சுரண்ட மஞ்சளும் சிவப்புமாகக் கையில் வழிந்தது. கடைசியில் வெள்ளைப் பிளாஸ்ரிக் தெரிந்தது.

துஷாந்தியின் குரல் ஏறத் தொடங்கியது. முப்பத்தேழு. அறுபது. எண்பத்திரண்டு. அதோடு விளம்பரப் பாட்டும் கேட்டது.

அதே நேரம் வயரை இறுக்கிவிட்டுத் தம்பிராசா ஓடி வந்தார். "பாத்தியே, நான் சொன்னனான். வயருக்குள்ளைதான் விசயம்" என்று மாக்சிமுக்கும் கேட்கச் சொன்னார். அவள் கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு, "ஓமப்பா, வாங்கோ" என்றாள்.

மூன்று பேரும் ஒரு வாங்கில் நெருக்கியடித்து இருந்தார்கள். நாலரைக்குத் தவநாயகி திரையில் வந்தாள். முதல் ஆறு நிமிடமும் எதிரணியை வாங்கு வாங்கென்று வாங்கினாள். துஷாந்தி இரண்டு தரம் கைதட்டினாள். பிறகு திரையில் இருந்தவள் குரலைத் தணித்தாள்.

"எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். விடுமுறை வந்தால் வெறும் வானத்தைப் பார்த்து ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அங்கே எனக்கு ஒன்றும் தெரியாது. இருக்கிறது, பிடிப்பேன் என்பார். தொண்ணூற்றேழில் என்னை இங்கே கூப்பிட்டபோதும் அப்படித்தான். அவரிடம் வீசா இல்லை, இருக்க அறை இல்லை. 'நீ வா, எல்லாம் வரும்' என்று ஒரு கடிதம் மட்டும். நான் வந்தேன், எல்லாம் வந்தது. நடுவர் அவர்களே, அவர் உழைத்தவர்தான். ஆனால் நாளைக்கு விடியும் என்று நம்பாதவன் எதற்காக உழைப்பான்? எனக்கு நம்பிக்கை என்றால் அந்த மனிதர்தான்."

மண்டபத்தில் கைதட்டல் கேட்டது. வண்டிக்குள் யாரும் தட்டவில்லை. தம்பிராசா மூக்கை உறிஞ்சினார். மேசையில் அவருடைய ரெலிபோன் அடித்து, அடித்து, கோடு இல்லாமல் நின்றது.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவளால் ஒளிக்க முடியவில்லை. கையை வெளியே எடுத்து நீட்டினாள். நகமெல்லாம் மஞ்சள்.

"இஞ்சாருங்கோ. வயரிலை ஒண்டுமில்லை, றொமேஷிலையும் பிழையில்லை. நான் வைச்ச பொட்டுத்தான் இவ்வளவு நாளும் கண்ணை அடைச்சது. இப்பதான் சுரண்டினனான்."

அவர் கையைப் பார்த்தார், யன்னலால் டிஷ்ஷைப் பார்த்தார். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். குந்தியிருந்து, மூன்றுகால் நிலையின் மூன்று காலுக்கும் பொட்டு வைத்தார், பக்குவமாகக் குங்குமமும் வைத்தார்.

"இனி உதின்ரை காலிலை வை. கண்ணை விட்டிடு" என்றார் திரும்பி வந்து. "றொமேஷிட்டை நானே போய்ச் சொல்லுறன்."

திரையில் அடுத்த பேச்சாளர் உழைப்பைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். தம்பிராசா எட்டிச் சத்தத்தைக் குறைத்தார்.

"உதை ஒருக்காத்தானே போடுவினமாம்?"

"ஓம். ஒருக்காத்தான்."

"அப்ப நீ சொல்லன், இன்னொருக்கா."

மகள் பக்கத்தில் இருந்தாள், மைக் இல்லை, நடுவர் இல்லை. தவநாயகி அவருடைய முகத்தைப் பார்த்து, முதல் வசனத்திலிருந்து தொடங்கினாள்.