மோட்டார் சைக்கிளுக்கு ஒலிக்காத பலகை

எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலம். தக்கலை சினிமாக் கொட்டகை முதலாளி ஒரே படத்தைத் தக்கலையிலும் குழித்துறையிலும் ஓட்டினார். குழித்துறையில் ஆட்டம் பிந்தித் தொடங்கும். முற்பாதிச் சுருள்கள் பஸ்ஸில் போய்விடும். பிற்பாதி முடிகிற நேரத்துக்கு பஸ் கிடையாது. அதைக் கொண்டுபோகத்தான் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த மோட்டார் சைக்கிளும், அதை ஓட்ட நானும்.

படப்பெட்டி பிந்தினால் குழித்துறைக் கொட்டகையில் பெஞ்சு உடையும். “இன்னும் ஒரு பெஞ்சு உடைஞ்சா சாவியை எனக்க மருமகன்கிட்ட குடுத்திரு” என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த வண்டிமேல் எனக்கு உயிர். அது இல்லாவிட்டால் ஊரில் என்னை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

வழியில் ஒரு பாலம் மழையில் இடிந்து, பக்கத்தில் மரப்பாலம் போட்டிருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். இரு பக்கமும் வளைவு. இக்கரையில் நிற்பவனுக்கு அக்கரை தெரியாது. கரைக்கு ஒரு காவல்காரர், குறுக்கே ஒரு மூங்கில். முதலில் தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் அடித்துத்தான் அக்கரைக்குச் சொன்னார்கள். போகிற வருகிறவனெல்லாம் அதை அடித்து விளையாடியதில் ஒருநாள் பஸ்ஸும் லாரியும் நடுப்பாலத்தில் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. ரோட்டு ஓவர்சியர் சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார். இரண்டு கரையிலும் மூங்கிலுக்கு முன்னால் தரையில் ஒரு பலகை பதித்தார். பாரமான சக்கரம் ஏறினால் பலகை தாழ்ந்து அடியிலுள்ள இரும்பில் மோதும். ‘டங்’ என்று கேட்டதும் அக்கரைக்காரர் தன் மூங்கிலை இறக்கி விசில் ஊதுவார். அதன்பிறகே இக்கரைக்காரர் மூங்கிலைத் தூக்குவார்.

பஸ்ஸுக்கு டங். மாட்டுவண்டிக்கு டங். எனக்கு ஒன்றுமில்லை.

“அண்ணே, வண்டி வந்திருக்கு. தூக்கும்.”

“பலகை கேக்கல்லியே.”

“ஒம்ம முன்னாலதான் நிக்கேன். கண்ணு தெரியல்லியா?”

“எனக்குத் தெரியுது. அக்கரையில உள்ளவனுக்குத் தெரிய வேண்டாமா ஓய்?”

அவர் சொன்னது நியாயம். அதனாலேயே எனக்குக் கோபம் கூடியது. பலகையில் ஏறிக் குதித்தேன். நான் ஒரு நோஞ்சான். ரோட்டோரக் கல்லை அள்ளிப் போட்டேன். “கல்லு அக்கரைக்குப் போகுமா? போற பாரம்தான் கேக்கணும்” என்று அவர் காலால் தள்ளிவிட்டார். ஓவர்சியரிடம் போனேன்.

“சைக்கிளுன்னா உருட்டிட்டுப் போ. மோட்டாருன்னா பலகை அடிக்கும்” என்றார்.

“அடிக்கல்ல சார்.”

“அப்போ அது மோட்டார் இல்ல.”

உருட்டவும் விடமாட்டேன் என்றார் காவல்காரர்; மாட்டுவண்டி ஏதாவது வரும்வரை நின்று, அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு போனேன்.

பாலத்தருகே சாயாக்கடை வைத்திருந்தவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரிய உடம்பு. அவர் பெஞ்சில் உட்கார்ந்தால் மறுமுனை தூக்கும். ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “தள்ளி இரி மக்கா” என்று பின்னால் ஏறினார். டங். அக்கரையில் விசில். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது, கைக்கு எட்டாது.

அன்றுமுதல் தினமும் வந்தார். குழித்துறையில் அவருக்கு ஓசியில் ஒரு நாற்காலி. திரும்பும்போதும் என் பின்னால்தான். எந்தப் படமானாலும் பிற்பாதிதான் அவருக்குக் கிடைத்தது. யார் செத்தார்கள் என்று தெரியும், என்ன பகை என்று தெரியாது. “இம்புட்டு அழுகையும் சும்மாவா இருக்கும், காரணம் இருக்கும்” என்று சொல்லிக்கொள்வார்.

அடுத்த ஆடிச் சாரலில் ஒருநாள் அவர் ஏறியும் பலகை பேசவில்லை. இறங்கி ஏறினார். இல்லை.

“பலகை ஊறிப்போச்சு மக்கா.”

“பலகைக்கு ஒண்ணுமில்ல. இப்பத்தான் மாட்டுவண்டி போச்சு, நல்லாக் கேட்டுது” என்றார் காவல்காரர்.

அப்போதுதான் திரும்பி அவரை ஒழுங்காகப் பார்த்தேன். சட்டை வேறொருவருடையது மாதிரித் தொங்கியது. கழுத்து எலும்பு தெரிந்தது. கொஞ்ச நாளாகவே பானைத் தண்ணீரை அவரே குடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தார், நானும் கேலி செய்துகொண்டிருந்தேன். தினமும் என் முதுகுக்குப் பின்னால் இருப்பவர். முதுகுக்கு என்ன தெரியும்?

“ரெண்டு கல்லு எடுத்து மடியில வச்சுக்கிடுகேன். நானும் கல்லும் அக்கரைக்குத்தானே போறோம்? நீ வண்டியை விடு, பெஞ்சு உடைஞ்சிரப்போவுது” என்றார்.

வண்டியைத் திருப்பினேன். “ஏலே, வழி மாறிப் போறியே!” என்று முதுகில் குத்திக்கொண்டே வந்தார். பிற்பாதிப் பெட்டியோடு மிஷன் ஆஸ்பத்திரியில் போய் நின்றேன். சர்க்கரை என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆளைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருப்பீர் என்றும் சொன்னார். அவரை அங்கேயே படுக்கவைத்துவிட்டார்கள்.

குழித்துறையில் அன்று பெஞ்சோடு நாற்காலியும் உடைந்தது. முதலாளி திட்டவில்லை, கையை மட்டும் நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். அதன்பிறகு சைக்கிளில் மரச்சீனிக் கிழங்கு கட்டி விற்றேன்.

சாயாக்கடைக்காரர் ஊசியோடும் பத்தியத்தோடும் கடைக்குத் திரும்பினார். சீனி போடாத சாயாவைக் குடித்துவிட்டு டாக்டரின் குடும்பத்தையே திட்டுவார். சில மாதம் கழித்து ஒரு ராத்திரி நான் அங்கே சாயா குடித்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் மருமகன் என் வண்டியோடு அன்றும் பலகைமேல் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

“பலகை கேக்கல்லியே” என்றார் காவல்காரர்.

சாயாக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். “ஏறிப் பாக்கட்டா?”

“ஏறும்” என்றேன். டம்ளரைக் கீழே வைத்தேன்.

“கடையைப் பாத்துக்க மக்கா” என்று போய், மருமகனைத் தள்ளி உட்காரச் சொல்லி, காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார்.

டங்.

அக்கரையில் விசில் கேட்டது. மூங்கில் எழுந்தது. வண்டி அவரைச் சுமந்துகொண்டு வளைவில் மறைந்தது. நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

“வண்டி போனதுக்கா அழுறீரு?” என்றார் காவல்காரர்.

“இல்ல ஓய்,” என்றேன். “பலகை கேட்டுது.”