எண்ணெய்த் தலையில் ஏறாத கரண்ட்

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. கொச்சிக் காயலிலிருந்து ஈரக்காற்று வீசினாலே அவளுக்கு இளைப்பு வந்துவிடும். மட்டாஞ்சேரியில் ஈரக்காற்று வீசாத நாள் எது? காலையும் மாலையும் சிரப் கொடுக்க வேண்டும். ஒரு வேளை விட்டுப்போனாலும் பரவாயில்லை, மறந்துபோய் இரண்டு முறை கொடுத்துவிடக் கூடாது, நெஞ்சு படபடக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அவர் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். மூடியைத் திருகி மூடிய அடுத்த நிமிடமே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இப்போது கொடுத்தேனா, இல்லை நேற்றுக் கொடுத்ததை நினைத்துக்கொண்டிருக்கிறேனா?

எழுதி வைக்கலாமே என்பீர்கள். வைத்தேன். எழுதிவிட்டுக் கொடுக்காமல் விட்டேனோ என்று அதிலும் சந்தேகம்.

ஒரு நாள் சந்தேகத்திலேயே கொடுக்காமல் இருந்துவிட்டேன். பொழுது சாய்வதற்குள் பிள்ளைக்கு இளைத்தது. என் கணவரின் அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், சிரப் பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய்த் தன் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அவர். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அன்றிலிருந்து என் பிள்ளைக்கு மருந்து கொடுக்க நான் அவரிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. பட்டப்படிப்பு படித்தவள், பெற்றவள், நிற்க வேண்டியிருந்தது.

எறணாகுளத்தில் ஒரு கல்லூரியில் ஞாபகசக்தி பற்றி ஆராய்ச்சி நடக்கிறது, ஆள் தேடுகிறார்கள் என்று கணவர்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னார். நெற்றியில் ஈர ஸ்பாஞ்சு வைத்து, சின்ன பேட்டரியிலிருந்து மெல்லிய கரண்ட் விடுவார்களாம். கையிலுள்ள விஷயத்தை மனதில் பிடித்துவைக்கும் திறன் கூடுகிறதா என்று பார்ப்பார்களாம்.

"நாக்குல வச்சா சுருக்குன்னு இருக்குமே, அந்த பேட்டரிதான். பயப்படாத," என்றார். "பல்பு எரிஞ்சா மட்டும் சொல்லு, அடுக்களைல வெளிச்சம் பத்தல."

மதினிக்குச் சிரிப்பு வரவில்லை. "தலைக்குள்ள கரண்ட விடுகதா? மூளை சூடாயிப் போகும்லா? காலேஜுல படிச்ச மலையாளத்துச் சேட்டனும் சேச்சியும் சொன்னா நீ போயி தலைய நீட்டுவியா?"

போகிறேன் என்றேன். எனக்கு அந்தப் பாட்டில் திரும்ப வேண்டும்.

தலையை நன்றாகக் கழுவி, எண்ணெய் இல்லாமல் வர வேண்டும் என்பது நிபந்தனை; எண்ணெய் இருந்தால் கரண்ட் ஏறாதாம். ஷாம்பு போட்டுக் குளித்தேன். வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தபோது உச்சந்தலையில் சில்லென்று ஏதோ விழுந்தது. மதினி. கையில் காய்ச்சின தேங்காயெண்ணெய்க் கிண்ணம். வெயிலில் இறங்குகிற யாரையும் அவர் வெறுந்தலையோடு விட்டதில்லை; கரண்டுக்குப் போகிறவளை விடுவாரா?

"மதினி! எண்ணெய் கூடாதுன்னு சொன்னேனே!"

"ஒரு சொட்டு புள்ளே. சூடு ஏறாம இருக்கட்டு."

ஒரு சொட்டு என்பது அவர் கணக்கில் ஒரு கை. உச்சியில்தானே, நெற்றியில் இல்லையே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு படகு ஏறினேன். வெயிலில் அது நெற்றிக்கு வழிந்துவிட்டது. ஆராய்ச்சி அறையில் ஸ்பாஞ்சைக் கட்டி எந்திரத்தைப் போட்டார்கள். பீப், பீப் என்று கத்தியதே தவிர ஓடவில்லை. கட்டைக் கழற்றி, இறுக்கி, மறுபடியும் போட்டார்கள். பீப்.

ஆராய்ச்சி செய்கிற பெண் என் நெற்றியைத் தொட்டு விரலைப் பார்த்தாள். "சேச்சி, எண்ண தேச்சோ?"

சோதனைக்கூடத்துத் தொட்டியில் பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் தலையைக் கழுவினேன். எரிச்சலில் அழுகையே வந்தது. யார் மேல் எரிச்சல் என்றும் தெரியவில்லை. நான்தானே குனிந்து நின்றேன்?

பிறகு ஓடியது. ஸ்பாஞ்சுக்கு அடியில் கட்டெறும்பு ஊர்வதுபோல் கொஞ்ச நேரம் குறுகுறுப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து மறையும். இப்போது வந்தது, முந்தியதற்கு முந்தி வந்த அதே எழுத்தாக இருந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். பல நாள் போக வேண்டியிருந்தது; முதல் நாள் தடுமாறினேன். போகப்போக விரல் தானாகவே அழுத்தியது. "சேச்சி சூப்பர்," என்றாள் அந்தப் பெண்.

வீட்டில் இதை நெஞ்சு நிமிர்த்திச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு மதினியைத் தாண்டி ஓடினேன். திரும்பி வந்ததும் அவர் எண்ணெயைக் கொட்டித் தேய்த்துவிடுவார். கடைசியில் ஒரு நாள் அலமாரியைத் திறந்து பாட்டிலை என் கையில் கொடுத்தார்.

"இப்ப முகம் தெளிஞ்சிருக்கு. எல்லாம் என் எண்ணெயாக்கும்."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

கடைசி முறை போனபோது அந்தப் பெண் கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னாள். வந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் உண்மையில் கரண்ட் ஓடியதாம். மற்றவர்களுக்குத் தொடக்கத்தில் குறுகுறுப்பு வரும் அளவுக்கு விட்டுவிட்டு நிறுத்திவிடுவார்களாம், ஒப்பிட்டுப் பார்க்க. "சேச்சி ரெண்டாமத்த கூட்டம். சேச்சி முன்னேறினது பழக்கத்துல."

படகில் வரும்போது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. சோப்புத் தண்ணீரில் தலை கழுவியது எதற்கு? எனக்கு ஓடாத கரண்டுக்கா? சரி, பழக்கம் என்றே வைத்துக்கொள்வோம். மருந்து கொடுப்பதும் தினம் இரண்டு வேளைப் பழக்கம்தானே, அது ஏன் மனதில் நிற்கவில்லை? படகுத்துறை வருவதற்குள் அந்த ஆராய்ச்சி அறை நினைவுக்கு வந்தது. கதவு சாத்தியிருக்கும். நான் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டிருக்கையில் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. வீட்டிலோ கரண்டியில் சிரப்பை ஊற்றும்போதே சாயா ஆச்சா, மீன்காரன் போயிட்டானா, மருந்து கொடுத்தியா என்று குரல் வந்துகொண்டே இருக்கும்.

கரண்ட் ஓடாததைச் சொன்னால் பாட்டில் திரும்பவும் அலமாரிக்குப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பெருமை எண்ணெய்க்குத்தான். சொல்லவில்லை.

அன்று மாலை பிள்ளையை அறைக்குள் கூட்டிப்போய், "மருந்து கொடுத்து முடிக்கிற வரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். ஊற்றினேன். அவள் குடித்து, முகத்தைச் சுளித்து, உதட்டை நக்கினாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொடுத்தாயிற்று. எந்தச் சந்தேகமும் இல்லை.

கதவுக்கு வெளியே மூச்சுச் சத்தம் கேட்டது.

"புள்ளே," என்றார் மதினி, "கொடுத்தாச்சா?"