அல்மேதா ஏன் கடைசியில் வந்தாள்

மூன்று அண்ணன்மார் ஓட்டித் தேய்த்த சைக்கிள்தான் எனக்கு வந்தது. அரை மைலுக்கு ஒரு தடவை செயின் கழன்றுவிடும். பள்ளிக்கூடம் நாலு மைல். பன்னிரண்டு பிள்ளைகள் ஒன்றாகத்தான் கிளம்புவோம், ஆனால் மில் பாலம் வருவதற்குள் நான் பின்தங்கிவிடுவேன். அப்படியும் மூன்றாம் வகுப்பில் ஒரு நாள்கூட நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்ததில்லை. எனக்குப் பின்னால் எப்போதும் என் மாமா மகள் அல்மேதா புரூபாக்கர் வந்துகொண்டிருப்பாள்.

புல் வெட்டும் எந்திரத்தில் சிக்கி, ஏழு வயதிலேயே அவளுக்கு இடது பாதம் பாதி போய்விட்டது. சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள். அதனால் அவள் கடைசியில் வருவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும்தான். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.

அவளுடைய சைக்கிள் ஏலத்தில் வாங்கியது. வாங்கும்போது பளபளவென்று சிவப்பு. பகட்டே கூடாதென்னும் நம் சபைப் பிள்ளைக்குச் சிவப்பு ஆகுமா? அவள் அப்பா ஓசியா மாமா குதிரை வண்டிக்கு அடிக்கும் கறுப்புப் பெயின்டை எடுத்து மணி, மிதிகட்டை எதையும் விடாமல் பூசிவிட்டார். அவள் முழங்கால் உரசும் இடத்தில் மட்டும் சிவப்பு எட்டிப் பார்க்கும்.

ஒரு சனிக்கிழமை எங்கள் சோளக்காட்டு ஓரம் நின்றிருந்தேன். சாலையில் ஒரு கறுப்புச் சைக்கிள் காற்றாய்ப் பறந்தது. தொப்பி நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு, குதிகாலால் மிதித்துக்கொண்டு, அல்மேதா! திங்கட்கிழமை வழக்கம்போல எனக்குப் பின்னால் வந்தாள்.

"ஏண்டி, அன்னிக்கு அப்படிப் பறந்தே. இப்ப என்ன?"

"செயின் மாட்டு முதல்ல. மணி அடிச்சிடப் போறாங்க" என்றாள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

வந்தது வினை. சபைக் காரியங்களைப் பார்க்கும் டீக்கன் மெனோவின் வீடு அந்தச் சாலையில்தான். நல்ல மனுஷர், மனசு கேட்காது அவருக்கு. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து மாமா வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சொன்னார்:

"ஓசியா, உம்ம பொண்ணு தினம் கடைசியா தத்தளிச்சுக்கிட்டு வருது. பாக்கவே பாவமா இருக்கு. அந்தக் காலை வச்சு ஏன் வதைக்கணும்? வீட்டுல தையல் படிக்கட்டுமே."

மாமா வெகுநேரம் தாடியைத் தடவினார். "கிறிஸ்மஸோட நிறுத்திடலாம்" என்றார்.

சமையலறையில் தட்டுத் துடைத்துக்கொண்டிருந்த எங்கள் காதிலும் விழுந்தது. பெரியவளானதும் அதே பள்ளிக்கூடத்தில் டீச்சராக வேண்டும் என்று அல்மேதாவுக்கு ஆசை. என் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள்.

"போய்ச் சொல்லேண்டி!"

"என்னன்னு? நான் ரொம்ப வேகம்னா? என் வாயாலயா?"

அவள் சொன்னது சரிதான். தன்னைத் தானே மெச்சிக்கொள்வதைவிடப் பெரிய பாவம் எங்கள் சபையில் இல்லை. படிப்பே போனாலும் அவள் சொல்ல மாட்டாள். பிறகு யார் சொல்வது? ஈரக் கையோடு ஆண்கள் உட்கார்ந்திருந்த அறைக்குப் போனேன். எனக்கு வயது ஒன்பது.

"மாமா, அல்மேதா கடைசி இல்ல. கடைசி நான்தான். எனக்குத் துணைக்குத்தான் அவ பின்னால வர்றா. அவ நினைச்சா உங்க ஃப்ளோராவையே முந்திடுவா."

அறையே சிரித்தது. ஃப்ளோரா மாமாவின் பழுப்புக் குதிரை. ஊரில் அதை முந்தின வண்டி கிடையாது. மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு மில்லுக்குப் போறேன். பாலத்துல பாக்கலாம்" என்றார்.

"ஓய், பந்தயமா? அதுவும் கர்த்தருடைய நாள்ல இந்தப் பேச்சா?" என்றார் டீக்கன்.

"பந்தயம் எங்க வந்துது மெனோ? நான் மில்லுக்குப் போறேன். அவ பள்ளிக்கூடம் போறா. ரோடு ஒண்ணுதானே இருக்கு?"

மறுநாள் காலை மாமா வீட்டு வாசலிலிருந்து வண்டி புறப்பட்டது. அல்மேதாவோ என்னையே திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போயேண்டி! கடைசியா வர எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன்.

போனாள். மேட்டில் ஃப்ளோரா முந்தியது. இறக்கத்தில் அல்மேதா குனிந்தாள், அவ்வளவுதான் தெரியும். கறுப்புக் கோடு மாதிரி வண்டியைத் தாண்டிப் போய்விட்டாள். நான் மூச்சிரைக்கப் பாலத்துக்கு வந்தபோது கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தொப்பி நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். டீக்கனும் வேலியோரம் நின்றிருந்தார், மாடு தேடி வந்தவர் போல.

மாமா கடிவாளத்தை இழுத்து நிறுத்தி, "ஃப்ளோராவுக்கு வயசாயிடுச்சு" என்றார். அதற்கு மேலான புகழ்ச்சி எங்கள் ஊரில் கிடையாது. பிறகு மகளைப் பார்த்து, "கிறிஸ்மஸுக்கப்புறம் பனி இருக்கும். டயரைப் பாத்து வச்சுக்க" என்றார்.

அன்று பள்ளிக்கூடத்துக்கு நான் கடைசியாகத்தான் போனேன். தலை நிமிர்ந்து போனேன். பெருமைதான், வேறென்ன?

எங்கள் சபையில் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அதை முடித்த அல்மேதா, பத்தொன்பது வயதில் அதே பள்ளிக்கூடத்துக்கு டீச்சரானாள். இருபத்தாறு வருஷம் அந்தக் கறுப்புச் சைக்கிளில்தான் போனாள். என் ஐந்து பிள்ளைகளும் அவளிடம்தான் எழுத்துப் படித்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எந்தப் பிள்ளை பின்தங்கினாலும் டீச்சர் சைக்கிள் அதற்கும் பின்னால் வரும்.

போன மார்ச்சில் படுக்கையாகிவிட்டாள். பார்க்கப் போனேன். கஞ்சி ஊட்டினேன், சேர்ந்து ஜெபித்தோம். நான் எழுந்தபோது என் கையை விடவில்லை.

"லொவினா, இந்தத் தடவ உனக்காக நிக்கமாட்டேன். நான் முன்னால போறேன். நீ மெதுவா வா, செயினப் பாத்துக்க."