ஐந்து முறை தூங்கச் சொன்னார்கள்

பதினோரு வருஷமாக மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் உமர் ஃபாரூக். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அன்று காலை சிக்னலில் சிவப்பைப் பார்த்து நிறுத்தியது மட்டும்தான் அவருக்கு நினைவு. யாரோ தோளைத் தட்டினார்கள். மூன்றாம் வகுப்புப் பூஜா.

"அங்கிள், பச்சை போட்டு எவ்ளோ நேரமாச்சு! தூங்கிட்டீங்களா?"

பின்னால் ஹாரன் அலறிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்பது பிள்ளைகள். கால் பிரேக்கிலேயே கிடந்ததால் தப்பித்தார்கள். உமர் வேனை ஓரங்கட்டினார். அதற்குமேல் ஸ்டியரிங்கைத் தொடத் துணிவில்லை. இன்னொரு வேன் ஓட்டும் மெஹபூப் அலிக்கு போன் போட்டார்.

"நைனா, வந்து என் வண்டிய எடு. சிக்னல்லயே தூங்கிட்டேன்."

மீர்சாகிப்பேட்டை வீட்டில் மனைவி ரூபீனா கேட்டுவிட்டு, "சோத்துல கை வெச்சிக்கினே சொக்கறீங்க. சுகரா இருக்கும்" என்றாள். ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தது. நரம்பு டாக்டர் தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு ராத்திரி அங்கேயே தூங்க வேண்டும். மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாக ஐந்து முறை படுக்க வேண்டும்.

உமர் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. கண் செருகும் நேரத்தில் கறுப்பாக ஓர் ஆள் உள்ளே வந்து அவர் நெஞ்சின் மேல் உட்காருவான். கை கால் அசையாது, குரல் எழும்பாது. வருஷக்கணக்காக இப்படித்தான். வெளியே சொன்னால் கீழ்ப்பாக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

டெக்னீஷியன் மதுவந்தி அவர் தலையிலும் கண்ணோரத்திலும் தாடையிலும் பசை வைத்து வயர்களை ஒட்டினாள்.

"ஷாக் அடிக்குமாம்மா?"

"அடிக்காது சார். நீங்க தூங்கறத பதிவு பண்ணும், அவ்ளோதான்."

அவனையும் பதிவு பண்ணுமோ? உமர் மேலே இருந்த கேமராவைப் பார்த்தார்.

ராத்திரி எப்படியோ கழிந்தது. பகலில் முதல் இரண்டு தடவையும் விளக்கை அணைத்த சில நிமிஷத்தில் தூங்கிப்போனார். "கனவு வந்துச்சா சார்?" என்று கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னார்.

மூன்றாவது தடவை கதவு திறந்தது. காலடிச் சத்தம். கட்டில் அமுங்கியது. நெஞ்சில் பாரம் ஏறியது. ஏசி ஓடுவதுகூடக் கேட்கிறது, விரல் மட்டும் அசையவில்லை. கலிமா சொல்லப் பார்த்தார், நாக்கு புரளவில்லை. இன்றைக்கு இவன் விடமாட்டான் என்று தோன்றியது. எப்படியோ சுண்டுவிரல் துடித்தது, பாரம் இறங்கியது. வயர்களைப் பிய்த்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். மதுவந்தி ஓடிவந்தாள்.

"கதவத் தொறந்து யாரும்மா வந்தது?"

"யாருமே வரல சார். கேமராவுல பாத்துட்டேதான் இருந்தேன்."

உமர் உடைந்து அழுதார். எல்லாவற்றையும் கொட்டினார். அவள் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டு, "இத அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க. இன்னும் ரெண்டு தடவை படுக்கணும் சார்" என்றாள்.

"என்னால முடியாதும்மா."

வெளியே காத்திருந்த ரூபீனாவைக் கூப்பிட்டார்கள். "அந்த டிவியில உங்களையே பாத்துக்கினு இருக்கேன். படுங்க" என்றாள். கதவைப் பார்த்தபடிதான் படுத்தார்.

டாக்டர் அதற்கு நார்கோலெப்ஸி, நினைக்காத நேரத்தில் தூக்கம் அமுக்கும் நோய், என்று பெயர் சொன்னார். "மத்தவங்க தூங்கி ஒன்றரை மணி நேரம் கழிச்சுத்தான் கனவுக்குள்ள போவாங்க. நீங்க சில நிமிஷத்துலயே போயிடறீங்க. கனவுல கை கால் அசையாம இருக்கறது எல்லாருக்கும் உள்ளதுதான். நீங்க பாதி முழிப்புல அதுல மாட்டிக்கறீங்க. பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல. மாத்திரை இருக்கு. ஆனா இனிமே வேன் ஓட்டக் கூடாது."

உமர் வேன் சாவியை மெஹபூபிடம் கொடுத்துவிட்டார். பிள்ளைகளின் வீடுகளுக்கு விஷயத்தை மெஹபூபையே சொல்லச் சொல்லலாம் என்றாள் ரூபீனா. உமர் தானே போனார். ஒன்பது வாசலிலும் நின்று நடந்ததைச் சொன்னார். ஒரு வீட்டில், "என் பொண்ணு உயிரோட விளையாடியிருக்க!" என்று அப்பா சட்டையைப் பிடித்துவிட்டார். உமர் தலைகுனிந்து நின்றார். பூஜாவின் அம்மா குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அதுதான் அவரை அதிகம் சுட்டது.

இப்போது பாண்டி பஜார் அருகே ஒரு துணிக்கடையில் சரக்குச் சரிபார்க்கிறார். மத்தியானம் இருபது நிமிஷம் கிடங்கில் படுத்துக்கொள்ள முதலாளி அனுமதித்திருக்கிறார். அந்தக் கறுப்பு ஆள் இன்னும் எப்போதாவது வருகிறான். பயம் போய்விடவில்லை. சுண்டுவிரலை அசைக்கப் பார்த்தபடி, அவன் போகும்வரை காத்திருக்கிறார்.