ஜெரோம் சேரின் ஓநாயும் என் கையெழுத்தும்

ஜெரோம் சேர் போய்விட்டார். நேற்றுக் காலை, கொட்டாஞ்சேனை வீட்டில்.

செய்தி எனக்கு வந்த விதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் பழைய டியூட்டரி டிரெக்டரின் ஃபேஸ்புக் போஸ்ட். "என் ஆருயிர் நண்பர், ஒப்பற்ற ஆசான், எங்கள் நிறுவனத்தின் தூண்..." கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், மெழுகுதிரிகள்.

தூணாம். த்தூ!

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், மாடியில் எங்கள் டியூட்டரி, காசு கட்டிப் படிக்கும் தனியார் வகுப்புகள். நான் ஜியோகிரபி. பிளைவூட் தட்டிக்கு அந்தப் பக்கம் அவர், லண்டன் ஏ லெவல் பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாறு.

வருடம், ஜனாதிபதி, சட்டம் என்று அவர் பாடத்தைத் தொடங்கி நான் கேட்டதேயில்லை. "ஒரு ஊர்ல ஒரு பிள்ளை. காட்டுக்கு அந்தப் பக்கம் சுகமில்லாத பெரியம்மா. பிள்ளை பெரியம்மாவுக்கு பார்சல் கொண்டு போகுது. வழியில ஓநாய்..." கதை இவ்வளவுதான். அதைப் பத்துப் பத்து வருடமாகத் தள்ளிக்கொண்டு போவார்.

முப்பதுகளில் பார்சலில் ஒன்றும் இருக்காது. பெரியம்மாவின் வீட்டை பேங்க் எடுத்திருக்கும். ஓநாயும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இலவச சூப்புக்கு வரிசையில் நிற்கும்.

கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த ஐம்பதுகளில் ஓநாயைக் காணவே கிடைக்காது. ஆனால் "நீ ஓநாயோட பேசினியா? வேற யார் பேசினது? பேரைச் சொல்லு" என்று ஊர் முழுக்க விசாரணை நடக்கும்.

என் கிளாஸ் எரிமலையை விட்டுவிட்டு இதைக் கேட்டுக்கொண்டிருக்கும். நானும்தான்...

ஒரு நாள் இன்டர்வலில் சொன்னேன், "சேர், கொஞ்சம் மெல்லமாக் கதையுங்கோ. என்ர எரிமலையெல்லாம் அணைஞ்சு போச்சுது."

"ஓநாய் மெல்லமா பேசினா எந்தப் பிள்ளை பயப்படும், மிஸ்?"

இருபதுகளில் அங்கே மதுவிலக்கு. ஆகவே பிள்ளையின் பார்சலில் போத்தல், ஓநாய் கள்ளச் சாராயக்காரன். ஹோம்வேர்க்: அந்தக் காட்டுக்கு ஒரு மேப்.

தர்ஷினி என்று ஒரு பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தாயோடு லொட்ஜில் தங்கிப் படித்தவள். என்னிடம் ஓடி வந்தாள். "மிஸ், எனக்கு அமெரிக்கக் காடு தெரியாதே. என்னெண்டு கீறுறது?"

"தெரிஞ்ச இடத்தை வச்சுக் கீறும் பிள்ளை. அப்பத்தான் ஸ்கேல் பிழைக்காது."

நான்தான் சொன்னேன்.

அவள் எங்கள் ஒழுங்கையைக் கீறினாள். கடல், ரயில் தண்டவாளம், வடக்கு அம்பு, எல்லாம் கச்சிதம். சிவப்புப் பேனையால் இங்கிலீஷில் சாமான் ஒளித்த இடம், லொறி வரும் நேரம், ஓநாய் காத்து நிற்கும் மூலை. பார்த்துவிட்டு "வெரி குட்" என்று முதுகில் தட்டி அனுப்பினேன்.

அந்த மேப்பைப் பையில் வைத்துக்கொண்டு போய்ச் செக்பொயின்ட்டில் நின்றாள். குண்டு வைக்கும் திட்டம் என்று நினைத்துப் பிள்ளையைப் பொலிசுக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

ஜெரோம் சேர் கேள்விப்பட்டதும் டெக்ஸ்ட்புக்கைத் தூக்கிக்கொண்டு பொலிசுக்குப் போனார். யாரும் கூப்பிடவில்லை, தானாகவே போனார். பெரிய அதிகாரிக்கு முன்னால் நின்று முழுக்கதையையும் சிங்களத்தில் சொன்னாராம். "மிஸ், சேர் ஓநாய் மாதிரி ஊளையும் விட்டுக் காட்டினவர்" என்று தர்ஷினி பிறகு அழுதுகொண்டு சொன்னாள்.

மேப் கீறச் சொன்னது யார் என்று கேட்டிருக்கிறார்கள். நான்தான் என்றாராம். இந்த ஒழுங்கையைக் கீறச் சொன்னது யார் என்று கேட்டபோதும்... நான்தான் என்றாராம்.

பிள்ளையை அன்றைக்கே விட்டார்கள். அவரைப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் டிரெக்டர் பொலிசுக்கு எழுதிய ஒரு கடிதத்தோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். மேற்படி நபர் தன் சொந்த இஷ்டப்படி படிப்பித்தார், அந்த வரைபடம் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. கீழே கையெழுத்துக்கு எங்கள் ஐந்து ஆசிரியர்களின் பெயர்.

"யோசிக்காதேங்கோ பிள்ளை. உங்களுக்கும் குடும்பம் இருக்குத்தானே" என்று பேனையையும் திறந்து தந்தார், இன்றைக்குத் தூண் துரும்பு என்று எழுதுகிற இந்த மனிதர்.

இவரைக் கிழிகிழியென்று கிழிக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டது நான். எதுவும் தெரியாதாம் எனக்கு! நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

வெளியே வந்த பிறகு அவரை டிரெக்டர் வேலைக்கு எடுக்கவில்லை. நாங்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் எக்கவுன்டிங் கிளாஸ் வந்தது.

பல வருடம் கழித்து மருதானை ஸ்டேஷனில் கண்டேன். மெலிந்து போயிருந்தார். அவர்தான் முதலில் கூப்பிட்டார். "மிஸ்! எரிமலை எல்லாம் எப்படி?"

"சேர்... அந்தக் கடிதம்..." என்று தொடங்கினேன்.

"காட்டினாங்க மிஸ். அஞ்சு கையெழுத்து. மத்தவங்க எல்லாம் கிறுக்கித்தான் இருந்தாங்க. உங்களோடது மட்டும் அழகா வாசிக்கக்கூடிய மாதிரி இருந்துச்சு."

சிரித்தார். குத்திக்காட்டினாரா, பகிடி விட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் அவருடைய ட்ரெயின் வந்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

டிரெக்டர் அவர்களே, அந்தப் போஸ்ட்டைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

சேர், நாளைக்குக் கொட்டாஞ்சேனைக்கு வருவேன். வருகிறவர்கள் கையெழுத்துப் போட வாசலில் ஒரு கொப்பி வைத்திருப்பார்கள்.

நான் போடமாட்டேன்.

போய் வாருங்கள், சேர்.